செத்தவன் பார்த்த மெசேஜ்

பொன்முடி ரோட்டில் ஒரு கொண்டை ஊசி வளைவு. அதற்குக் கீழே, பாறை இடுக்கில், ஒரு பைக் தலைகீழாகக் கிடந்தது.

கொஞ்சம் தள்ளி ஓர் ஆள்.

ஆள் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. முகம் இருக்க வேண்டிய இடத்தில் முகம் இல்லை. ராத்திரி முழுக்கப் பெய்த மழை மிச்சத்தையும் கழுவிவிட்டிருந்தது.

சட்டை மட்டும் அடையாளம் சொன்னது.

நீலச் சட்டை. பாக்கெட்டுக்கு மேலே ஒரு மயில். 'மயூரி தையல் மெஷின்ஸ் - சர்வீஸ்.' அதன் கீழே பெயர்ப் பட்டை.

செல்வமணி.

வித்துரா ஸ்டேஷன் எஸ்.ஐ. ஷீனா மேலே ரோட்டில் நின்று எட்டிப் பார்த்தாள். கயிறு கட்டி இறங்கிய கான்ஸ்டபிள் கீழேயிருந்து குரல் கொடுத்தான்.

"மேடம், பர்ஸ் இருக்கு. ஐ.டி. கார்டு இருக்கு. ஃபோன் மட்டும் காணான் இல்லா."

"நல்லாப் பாத்தியா?"

"பாறை இடுக்குல எல்லாம் கைய விட்டுப் பாத்தாச்சு மேடம்."

ஷீனா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தாள். சட்டை பத்திரம். பர்ஸ் பத்திரம். இந்தக் காலத்தில் ஒருவன் கடைசி வரை கையில் பிடித்திருக்கும் சாமானை மட்டும் காணோம்.

அவளுக்கு அது பிடிக்கவில்லை.

*

மறுநாள் காலை. மலைக்குக் கீழே, டவுனில், தம்பானூர்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், லாட்ஜுகளுக்கு நடுவே ஒரு கட்டடம். கீழே மயூரியின் ஷோரூம். மாடியில் கஸ்டமர் கேர். அதில் தமிழ் பேசுகிறவர்களுக்கான லைனில் ஒரே ஓர் ஆள்.

ஜெஸ்லின்.

பாறசாலைக்காரி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சர்ச்சில் இரண்டும். ஆபீஸில் அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. 'என் விவரத்தை எடுத்துவிடுங்கள்' என்று கேட்கிற வாடிக்கையாளர்களை ரெக்கார்டிலிருந்து அழிப்பது. புதுச் சட்டம் வந்ததிலிருந்து இந்த வேலைக்கு மவுசு கூடியிருந்தது.

ஜெஸ்லின் அழித்தால் அழித்ததுதான். பெயர், நம்பர், விலாசம், எப்போது கூப்பிட்டார்கள் என்கிற குறிப்பு... ஒரு பொட்டு மிஞ்சாது. அவளுக்கு அதில் பெருமை.

ஃபோன் அடித்தது.

"மயூரி தையல் மெஷின்ஸ். ஜெஸ்லின் பேசுறேன், சொல்லுங்க."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது.

"ஹலோ?"

"அக்கா... நான் சுமி. போனக்காடு எஸ்டேட்லருந்து. பாபின் கேஸ் வந்துருச்சு. இனிமே என் விலாசத்த அழிச்சிருங்க."

ஜெஸ்லினுக்கு ஞாபகம் வந்தது. தையல் மெஷினை மட்டும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக மாறும் பெண். போன வாரம்தான் ஸ்பேர் பார்ட் கேட்டுப் புது விலாசம் கொடுத்திருந்தாள்.

"செரிம்மா. இதுக்கு முன்ன வித்துரா விலாசமும் நான்தானே அழிச்சேன்?"

"ஆமாக்கா. அதுக்கு முந்தி பாலராமபுரம். ரெண்டு தடவையும் அழிச்சாச்சுன்னு சொன்னீங்க." குரல் இறங்கியது. "ரெண்டு தடவையும் மறுநாளே அவன் வாசல்ல வந்து நின்னான்."

ஜெஸ்லினின் விரல்கள் கீபோர்டில் நின்றன.

"யாரும்மா?"

"பாலராமபுரத்துல கதவத் தட்டிட்டுப் போனான். வித்துரால உள்ள வந்துட்டான். என் கத்திரிக்கோலையே எடுத்து என் கழுத்துல வச்சான். அடுத்த தடவ வந்தா பேச மாட்டேன்னு சொன்னான்."

"போலீஸ்ல சொல்லலியா?"

"அண்ணன் சொல்ல விடல. நானே அவன்கிட்ட பேசித் தீத்துட்டு வாரேன்னு கீழ எறங்கிப் போனான். எங்கண்ணன், லிங்கம். இன்னும் திரும்பல. ஃபோனும் போகல. எனக்குக் கையும் காலும் ஓடலக்கா. யார்கிட்டயும் நான் இங்க இருக்கேன்னு சொல்லிராதீங்க. உங்க ஆபீஸ்ல கூட..."

"நான் சொல்லுவனா? ஆளு யாரு, வீட்டுக்காரரா?"

கரகரவென்று ஒரு சத்தம். மலை சிக்னல் தன் வேலையைக் காட்டியது. லைன் செத்தது.

கேள்விக்குப் பதில் வரவில்லை. வராத பதிலை 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டாள் ஜெஸ்லின். கழுத்தில் கத்திரிக்கோல் வைக்கிறவன் வேறு யாராக இருக்க முடியும்?

'டெலீட்' அமுக்கினாள். 'நிச்சயமாகவா?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. நிச்சயமாக.

சுமி காணாமல் போனாள்.

ஆனால் வேலை அதோடு முடியவில்லை. மயூரியில் ஒரு வழக்கம் இருந்தது.

முன்பு ஒருமுறை, அழிக்கச் சொல்லியிருந்த ஒரு டீச்சர் வீட்டுக்கு, சங்கதி தெரியாத மெக்கானிக் ஒருவன் 'ஃப்ரீ சர்வீஸ்' என்று போய் மணியடித்துவிட்டான். டீச்சர் புகார் எழுத, ஹெட் ஆபீஸ் மானேஜர் ஹரிகுமாரைக் காய்ச்சி எடுத்தது. அன்றிலிருந்து ஹரிகுமார் உத்தரவு. யாரை அழித்தாலும் மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப் குரூப்பில் உடனே எச்சரிக்கை போட வேண்டும். யார், எந்த ஏரியா, எந்த வீடு என்று விவரமாக. அப்போதுதானே தவறிப் போய்க் கதவைத் தட்ட மாட்டார்கள்?

ஜெஸ்லின் போட்டாள்.

'சுமி. போனக்காடு எஸ்டேட், மேல் லயம், சர்ச்சுக்குப் பக்கத்து வீடு. மொபைல் நம்பர் கீழே. இவரை யாரும் கூப்பிடக் கூடாது. வீட்டுக்கும் போகக் கூடாது.'

படிக்கிற உங்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். ஜெஸ்லினுக்கு இன்னும் புரியவில்லை. அவள் ஒரு டீ சொல்லிவிட்டு அடுத்த ஃபோனை எடுத்தாள்.

*

டீ வருவதற்கு முன்னால் ஷீனா வந்தாள்.

"செல்வமணி இங்கதானே வேலை பாத்தான்?"

அம்மா நாகர்கோவில் என்பதால் தமிழ் தடையில்லாமல் வந்தது. மலையாளம் அங்கங்கே எட்டிப் பார்த்தது.

ஹரிகுமார் எழுந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"நல்ல பையன் மேடம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். இவிடே சொந்தம்னு ஒருத்தரும் இல்லா. நேத்து மார்ச்சுவரிக்கு ஞான்தானே வந்தேன். சட்டையைக் கண்டேன், கார்டைக் கண்டேன்... முகத்தைப் பாக்க மனசு வரல. கண்ணை மூடிட்டு பேப்பர்ல ஒப்பு போட்டுட்டேன்."

"அவன் ஃபோன் கெடைக்கல. நாங்க கூப்பிட்டா ஸ்விட்ச் ஆஃப்." ஷீனா ஜெஸ்லின் பக்கம் திரும்பினாள். "மோளே, உனக்கு அவனைத் தெரியும் அல்லே?"

"தெரியும் மேடம். நேர்ல அவ்வளவாப் பாத்ததில்ல. குரல்தான். டெய்லி காலைல ஃபோன் பண்ணுவான். 'இன்னைக்கு எனக்கு எந்த ஏரியா அக்கா?' அதான் மொதல் வார்த்தை. ரெண்டு நாளா அந்த ஃபோன் வரல. காது அடைச்ச மாதிரி இருக்கு."

ஜெஸ்லின் குரூப்பைத் திறந்து காட்டினாள். வரிசையாக ஆதராஞ்சலி. கும்பிடும் கைகள். ரோஜாப்பூ. நடுவில் மாலை போட்ட செல்வமணியின் ஃபோட்டோ, அரைகுறைச் சிரிப்போடு.

"அவன் நம்பர் இன்னும் குரூப்ல இருக்கே?" என்றாள் ஷீனா.

"எடுக்கலாம்னுதான் பாத்தேன். சார்தான் வேண்டாம்னு சொன்னாரு."

"பதினாறு கழியட்டும் மேடம்" என்றார் ஹரிகுமார். "செத்த ஒடனே ஆளைப் பிடிச்சு வெளியே தள்ளினா அது மரியாதைக் கொறவு. ஞங்ஙள் அப்படிச் செய்யில்லா."

ஷீனா தலையாட்டினாள். "செரி. அவன் கடைசியா இந்த ஃபோனைப் பாத்தது எப்போன்னு கண்டுபிடிக்க முடியுமோ?"

"முடியும் மேடம். நாம போட்ட மெசேஜை அமுக்கினா யாரெல்லாம் படிச்சாங்கன்னு காட்டும்." ஜெஸ்லின் விளக்குவதற்காகக் கைக்கு வந்த மெசேஜை அமுக்கினாள். சற்று முன் போட்டது. சுமியைப் பற்றியது. "இதப் பாருங்க. படிச்சவங்க பேரெல்லாம் இங்க வரிசையா..."

அவள் குரல் நின்றது.

முதல் பெயர் விஜின். இரண்டாவது ஞானசிகாமணி.

மூன்றாவது செல்வமணி.

இரண்டு நீலக் குறிகள்.



"எண்டெ பத்மநாபா..." ஹரிகுமார் நாற்காலியைத் தேடினார்.

"இது எப்ப போட்ட மெசேஜ்?" ஷீனாவின் குரலில் இப்போது மலையாளமும் இல்லை, தமிழும் இல்லை. போலீஸ் மட்டும் இருந்தது.

"இப்ப. நீங்க படி ஏறி வர்றதுக்குக் கொஞ்சம் முன்ன."

"ஆளு மார்ச்சுவரியில ஐஸ்ல கெடக்கான். நான்தான் கொண்டு வச்சேன்."

"பின்ன யாரு மேடம் படிச்சது?"

"ஃபோன் யார் கையில இருக்கோ, அவன்." ஷீனா குனிந்தாள். "இதுல என்ன எழுதியிருக்கே? யாரு இந்த சுமி?"

ஜெஸ்லின் சொன்னாள். சொல்லச் சொல்லவே அவளுக்குப் புரிந்துவிட்டது. வித்துரா விலாசத்தை அழித்த அன்று போட்ட எச்சரிக்கை. அதற்கு முன்பு பாலராமபுரம். இரண்டு தடவையும் மறுநாளே அவன் வந்தான்...

"மேடம்." அவள் முகம் வெளுத்திருந்தது. "அவனுக்கு வழி காட்டினது நான்தான். அழிக்கேன் அழிக்கேன்னு சொல்லி ஒவ்வொரு தடவையும் விலாசத்த எழுதிக் கையில குடுத்துருக்கேன். இப்பவும் குடுத்துட்டேன்."

அழ நேரமில்லை.

ஷீனா மளமளவென்று கணக்குப் போட்டாள். "புருஷன். பொண்டாட்டி ஓடிப் போயிட்டா. செல்வமணியப் பிடிச்சு வெலைக்கு வாங்கியிருக்கான். அவன் குரூப்ல வந்த விலாசத்தச் சொல்லிக் குடுத்துருக்கான். அப்புறம் ஏதோ சண்டை. ஆளைப் பாறையில தள்ளிட்டு ஃபோனை எடுத்துக்கிட்டான். அவ அண்ணன் என்ன ஆனானோ... செரி, அது அப்புறம். மொதல்ல அந்தப் பொண்ணைக் கூப்பிடு. லயத்தை விட்டு ஓடச் சொல்லு."

ஜெஸ்லின் நம்பருக்காகக் குரூப்பைப் பார்த்தாள்.

'இந்த மெசேஜ் நீக்கப்பட்டது.'

"அய்யோ, எங்க போச்சு?"

ஹரிகுமார் தன் ஃபோனை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். "ஞான்தான்... அட்மின் அல்லே? எல்லாருக்கும் சேத்து டெலீட் பண்ணிட்டேன். இனி யாருக்கும் தெரியாது..."

"அவனுக்குத் தெரியும் சாரே. அவன் படிச்சுட்டான்." ஜெஸ்லின் குரல் உடைந்தது. "நம்பர் நமக்குத்தான் தெரியாது."

"கம்ப்யூட்டர்ல?" என்றாள் ஷீனா.

"அழிச்சா அழிச்சதுதான் மேடம். கால் வந்த கணக்கு கூட இருக்காது."

அப்பேர்ப்பட்ட சுத்தம்! உலகத்தில் சுமியின் நம்பர் இப்போது ஒரே ஓர் ஆளிடம்தான் பத்திரமாக இருந்தது.

ஷீனா ஃபோனில் சுழன்றாள். வித்துரா ஸ்டேஷனைக் கூப்பிட்டு ஜீப்பை மலையேறச் சொன்னாள். சைபர் செல்லைக் கூப்பிட்டு செல்வமணியின் நம்பரைக் கொடுத்தாள். இரண்டு பதிலும் சீக்கிரமே வந்தன. இரண்டும் நல்ல பதில் இல்லை.

"போனக்காட்டு ரோட்டுல மரம் விழுந்து கெடக்கு. ஜீப் போகாது. நம்ம ஆளுங்க நடந்து ஏறணும்" என்றாள். "செல்வமணி ஃபோன் கடைசியா உசுரோட இருந்தது வித்துரா மார்க்கெட் டவர்ல. மலை அடிவாரம்."

"பைக்ல போனா?"

"மரத்துக்கு அடியில நுழைச்சுட்டுப் போயிருவான். நம்ம ஆளுங்களுக்கு முன்ன."

போனக்காட்டில் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களில் பாதி காலி. ஒரு பெண் கத்தினால் தேயிலைச் செடிக்குத்தான் கேட்கும்.

ஜெஸ்லின் முகத்தைத் துப்பட்டாவால் துடைத்தாள். ஃபோனைக் கையில் எடுத்தாள்.

"மேடம், இந்தக் குரூப் இதுவரை அவன்கிட்ட பொய் சொன்னதில்ல."

"அதுக்கு?"

"இப்ப ஒண்ணு சொல்லட்டும்."

ஷீனா அவளை ஒரு நொடி பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"எழுது மோளே."

ஜெஸ்லின் எழுதினாள்.

'திருத்தம். சுமி என்ற வாடிக்கையாளரின் போனக்காடு விலாசம் பழையது. அவர் இன்று காலை தம்பானூர் கமலாலயம் லாட்ஜுக்கு மாறிவிட்டார். மாடியில் கடைசி அறை. அங்கேயும் யாரும் போகக் கூடாது.'

அனுப்பினாள்.

விஜின் படித்தான். ஞானசிகாமணி படித்தார். வழக்கம் போல ஒவ்வொருவராக 'ஓகே அக்கா' என்று பதில் போட்டார்கள்.

செல்வமணி படிக்கவில்லை.

"ஃபோனை அணைச்சிட்டு மலை ஏறத் தொடங்கிட்டானோ?" ஹரிகுமார் நகத்தைக் கடித்தார்.

"வாயை மூடுங்க சாரே" என்றாள் ஷீனா.

டீ வந்தது. யாரும் தொடவில்லை. ஆடை கட்டியது.

திரையில் ஓர் அசைவு.

செல்வமணி. இரண்டு குறிகள். சாம்பல் நிறம்...

நீலம்!

அடுத்த கணம் குரூப்பின் தலையில் ஒரு வரி முளைத்தது.

'செல்வமணி டைப் செய்கிறார்...'

ஹரிகுமாரின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மூன்று பேரும் அந்த மூன்று புள்ளிகளையே பார்த்தார்கள். மாலை போட்ட ஃபோட்டோவுக்குக் கீழே, செத்தவன் ஏதோ சொல்ல வருகிறான்.

புள்ளிகள் நின்றன. அந்த வரி மறைந்தது. ஒன்றும் வரவில்லை.

"பதில் போட வந்துட்டு நிறுத்திட்டான்" என்றாள் ஜெஸ்லின் மெதுவாக. அது அவளை ஏன் அத்தனை உறுத்தியது என்று அப்போது அவளுக்கே தெரியவில்லை.

*

கமலாலயம் லாட்ஜ். மாடியில் கடைசி அறை.

வெளியே தம்பானூர் மழையில் நனைந்துகொண்டிருந்தது. பஸ்களின் ஹாரன், ஆட்டோக்காரர்களின் கத்தல், ரயில் அறிவிப்பு... எல்லாம் ஜன்னலுக்கு வெளியே. உள்ளே ஒரே ஒரு சத்தம்.

கட கட கட கட...

ஷோரூமிலிருந்து தூக்கி வந்த தையல் மெஷின். அதன் முன்னால், கதவுக்கு முதுகைக் காட்டி, ஜெஸ்லின். தலையில் முக்காடு. காலில் பெடல். ஊசிக்குக் கீழே ஒரு பழைய படுக்கை விரிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"நானே உக்காந்திருப்பேன்" என்று கதவுக்குப் பின்னாலிருந்து கிசுகிசுத்தாள் ஷீனா. "எனக்குப் பட்டன் கூடத் தைக்கத் தெரியாது."

"பரவாயில்ல மேடம். நான் சொன்ன பொய். நானே இருக்கேன்."

"பயமா இருக்கோ?"

"இருக்கு மேடம்."

"நல்லது. காலை நிறுத்தாதே."

பக்கத்து அறையில் மஃப்டியில் இரண்டு போலீஸ். கீழே ரிசப்ஷனில் பேப்பரை விரித்துக்கொண்டு ஹரிகுமார். வருகிறவனின் முகம் யாருக்கும் தெரியாது. சந்தேகமாக யாராவது படியேறினால் இருமுவதாக ஏற்பாடு. அதைக்கூட அவர் இரண்டு தடவை ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போனார்.

கட கட கட கட...

போனக்காட்டிலிருந்து இன்னும் தகவல் இல்லை. அவன் இங்கே வராமல் அங்கே போயிருந்தால்? அந்த நினைப்பு வரும்போதெல்லாம் ஜெஸ்லின் பெடலை இன்னும் வேகமாக மிதித்தாள்.

கீழே ஒரு பைக் வந்து நின்றது.

இருமல் வரவில்லை. அதற்குப் பதில் ஒரு நாற்காலி கவிழும் சத்தம். 'ஹ்' என்று ஓர் அரை அலறல். பிறகு தடாலென்று எதுவோ விழுந்தது.

அதன் பிறகு காலடிகள். அவசரமில்லாமல். படியில்... வராந்தாவில்... கதவுக்கு வெளியே.

டொக். டொக்.

"மெஷின் சர்வீஸ்."

பெடலில் ஜெஸ்லினின் கால் ஒரு மிதி தவறியது.

அந்தக் குரல்...

கதவு தானாகத் திறந்தது. மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. கதவு மறுபடி சாத்தப்பட்டது.

"திரும்பாத சுமி. மெஷினையும் நிறுத்தாத." அந்தக் குரல் அமைதியாக நெருங்கியது. "சத்தம் இருக்கட்டும். இல்லன்னா வெளிய கேக்கும்."

கட கட கட கட...

"நான் செத்துட்டேன் தெரியுமா? எல்லாரும் மாலை போட்டு அழுதாச்சு. இனிமே நான் என்ன செஞ்சாலும் கேக்க ஆளில்ல. செத்தவன யாரு தேடுவா?"

ஜெஸ்லின் பெடலிலிருந்து காலை எடுத்தாள்.

அறையில் திடீர் நிசப்தம்.

அவள் முக்காட்டை இறக்கிவிட்டுத் திரும்பினாள். தினமும் காலையில் காதில் கேட்ட குரலுக்கு இப்போது ஒரு முகம் இருந்தது. ஹெல்மெட்டின் கண்ணாடிக்குள், அதே அரைகுறைச் சிரிப்பு. கையில் நீளமான ஸ்க்ரூ டிரைவர்.

"இந்த ஏரியா இன்னைக்கு உனக்குப் போடலியே, செல்வமணி" என்றாள் ஜெஸ்லின்.

சிரிப்பு மறைந்தது. ஸ்க்ரூ டிரைவர் உயர்ந்தது.

உயர்ந்த கையை ஷீனா பின்னாலிருந்து பிடித்து முறுக்கினாள். எலும்பு முறியும் சத்தமும், பக்கத்து அறைக் கதவு படாரென்று திறக்கும் சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

*

கீழே ஹரிகுமாரின் முகத்தில் யாரோ தண்ணீர் தெளித்திருந்தார்கள்.

"ப்ரேதம்..." அவர் விழித்த கண் விழித்தபடி இருந்தார். "ப்ரேதம் என்னைப் பாத்து, 'சுகமா இருக்கீங்களா சார்'னு கேட்டுட்டுப் படி ஏறிப் போச்சு."

"ப்ரேதத்துக்குக் காப்பு போட்டாச்சு" என்றாள் ஷீனா.

செல்வமணி சுவரோரம் உட்காரவைக்கப்பட்டிருந்தான். மழைக்கோட்டுக்கு உள்ளே வேறு யாருடையதோ ஒரு சட்டை. அவனுக்குப் பெரிதாக இருந்தது.

"புருஷனும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்றாள் ஷீனா. "மெஷின் ரிப்பேருக்குப் போன எடத்துல இவனே ஆசைப்பட்டிருக்கான். அவ வேண்டாம்னு சொல்லியிருக்கா. இவனுக்கு அது காதுல ஏறல. வழியில ரெண்டு தட்டு தட்டினதுல கக்கிட்டான்."

ஜெஸ்லினுக்கு அந்தக் காலைப் பேச்சு ஞாபகம் வந்தது. 'உங்க ஆபீஸ்ல கூட...' சுமி அப்போதே சொல்லியிருந்தாள். கேட்கிற காதுதான் இல்லை.

"அப்போ மார்ச்சுவரியில..." அவளால் முடிக்க முடியவில்லை.

ஷீனா செல்வமணியைப் பார்த்தாள். "நீ சொல்லு."

"அவ அண்ணன்." அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "பேசணும்னு வந்தான். அவ எங்கன்னு கேட்டேன். சொல்ல மாட்டேன்னான். எவ்வளவு கேட்டும் வாயத் தொறக்கல. அதான்..."

"அதான் பாறையில அடிச்சு, உன் சட்டைய மாட்டி, உன் பைக்கோட உருட்டி விட்டுட்டே. அவன் சட்டையப் போட்டுக்கிட்டே. அவன் பைக்ல சுத்துறே."

"அவன் சொல்லலன்னா என்ன? எப்படியும் குரூப்ல வரும்னு தெரியும்." அவன் நிமிர்ந்தான். உண்மையாகவே குழம்பியிருந்தான். "ஆனா ஒண்ணு மட்டும் புரியல. நான் ப்ளூ டிக்க ஆஃப் பண்ணித்தானே வச்சிருந்தேன்?"

"அது தனி ஆளுக்கு அனுப்புற மெசேஜுக்கு" என்றாள் ஜெஸ்லின். "குரூப்புல செல்லாது. அதையும் கேட்டு வச்சிருக்கலாம் நீ. டெய்லி காலைல ஃபோன் பண்ணுவியே."

அந்த மூன்று புள்ளிகள் ஏன் உறுத்தின என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது. திருடிய ஃபோனை வைத்திருக்கிறவன் எதற்கு பதில் எழுத வருகிறான்? பழக்க தோஷம். 'ஓகே அக்கா' என்று போடப் போய், தான் செத்துப்போனது கடைசி நொடியில் ஞாபகம் வந்திருக்கிறது.

ஷீனாவின் ஃபோன் அடித்தது. கேட்டாள். முகம் இளகியது.

"நம்ம ஆளுங்க லயத்துக்குப் போய்ச் சேந்தாச்சு. பொண்ணு பத்திரமா இருக்கா. கதவைத் தொறக்கவே மாட்டேன்னு சொன்னாளாம்." ஃபோனை இறக்கினாள். "அண்ணன் வந்துட்டானான்னு கேக்குறாளாம்."

ஜெஸ்லின் சுவரில் சாய்ந்தாள். லிங்கம் என்கிற அந்த மனிதனை அவள் பார்த்ததே இல்லை. தங்கச்சி எங்கே இருக்கிறாள் என்று அவன் கடைசி மூச்சு வரை சொல்லவில்லை. அவன் உயிரைக் கொடுத்துக் காத்த விலாசத்தை ஜெஸ்லின் ஒரு டீக்கு முன்னால் எழுதிப் போட்டுவிட்டாள். இத்தனை நேரம் அடக்கி வைத்த அழுகை இப்போது வந்தது. அவள் தடுக்கவில்லை.

"அத நான் போய்ச் சொல்றேன், நேர்ல" என்றாள் ஷீனா. "நீயும் வா. உன் குரலைத்தான் அவளுக்குத் தெரியும்."

"வாரேன் மேடம்."

ஹரிகுமார் ஒருவழியாக எழுந்து நின்றார். "இனி அழிச்சா அழிச்சதோட நிக்கட்டும், ஜெஸ்லின். குரூப்ல ஒண்ணும் போட வேண்டாம். ஹெட் ஆபீஸ்கிட்ட ஞான் பேசிக்கிறேன்."

ஜெஸ்லின் கண்ணைத் துடைத்துவிட்டு ஃபோனை எடுத்தாள். குரூப்பைத் திறந்தாள். ரோஜாப்பூக்களுக்கும் கும்பிடும் கைகளுக்கும் நடுவில் அந்தப் பெயர் இன்னமும் உட்கார்ந்திருந்தது. விரலை அதன் மேல் கொண்டுபோனாள். பழக்கத்தில் ஹரிகுமாரைப் பார்த்தாள்.

"பதினாறு கழியணும்னு சொன்னீங்களே சாரே?"



ஷீனா செல்வமணியின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்திக்கொண்டே சொன்னாள்.

"தாராளமா நீக்கு மோளே. ஆளு உயிரோடதானே இருக்கான்... மரியாதைக் கொறவு ஒண்ணும் வராது."